மூன்றாவது பலகை

அத்தியாயம் 11

"அண்ணே, கடைசியாக் கேக்குறேன். மூணாவது கட்டில் போடவா, ரெண்டாவது பேட்டரி போடவா?"

ஜினோ வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டான். திருமங்கலத்தில், பெரிய ரோட்டை ஒட்டிய அவனுடைய பட்டறை வாசலில் அந்தப் பழைய ஸ்கூல் வேன் நின்றது. சீட்டுகளைக் கழற்றி எடைக்குப் போட்டாகிவிட்டது. கூரையில் இரண்டு சோலார் தகடுகள் ஏறியிருந்தன. மஞ்சள் நிறத்தின் மேல் பச்சை அடித்திருந்தார்கள்.

அழகுபாண்டி வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். பதினாலு அடி நீளம், ஐந்தரை அடி அகலம். அதற்குள் ஒரு குடும்பமும் ஒரு தொழிலும் அடங்க வேண்டும்.

தொழில், செம்மறிக் கிடை. அறுவடை முடிந்த வயல்களில் இரவு முழுக்க ஆடுகளை அடைத்து மண்ணுக்கு உரம் ஏற்றுவது. ஒரு வயல் முடிந்தால் அடுத்த வயல். வருடத்தில் பாதிக்கு மேல் வெட்டவெளியில்தான் சோறும் தூக்கமும்.

அந்த வெட்டவெளிதான் போன தை மாதம் அழகுபாண்டியின் மகள் பவதாரிணியைக் கொண்டுபோனது. நாலு வயது. அன்று அவன் ஆட்டுச் சந்தைக்குப் போயிருந்தான். மனைவி சத்யப்ரியா மசக்கையில் சுருண்டு, நாகமலை புதுக்கோட்டையில் தாய் வீட்டில் கிடந்தாள். பிள்ளை, தாத்தா சுருளியின் பக்கத்தில் மண்ணில் படுத்திருந்தது. தூக்கத்தில் கட்டுவிரியன் தீண்டியது யாருக்கும் தெரியவில்லை. பல் பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாத பாம்பு அது. விடிகிற நேரத்தில் வயிறு வலிக்கிறது என்று பிள்ளை அழுதது. முந்தின சாயங்காலம் ஆட்டுச் சீம்பால் தின்றிருந்தது. அதுதான் சேரவில்லை என்று நினைத்தார் சுருளி. ஓமத் தண்ணீர் கொடுத்தார். வயிற்றைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரி வாசலை மிதித்தபோது நேரம் கடந்துபோயிருந்தது.

சத்யப்ரியா அதற்குப் பிறகு கிடைக்கு வரவில்லை. மாமனாரோடு ஒரு சொல் பேசவில்லை. கும்பிட்ட சாமிக்கு விளக்கேற்றுவதையும் நிறுத்திவிட்டாள். அடுத்து ஆண் பிள்ளை பிறந்து, அதற்கு இப்போது ஐந்து மாதம். கணவனிடம் அவள் கேட்டது இரண்டுதான். பிள்ளை படுக்கும் இடம் தரையில் இருக்கக் கூடாது. தான் ஒதுங்க, உள்ளே தாழ்ப்பாள் வைத்த ஒரு கழிப்பறை வேண்டும். அது இருந்தால் வருகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் உங்கள் ஆடுகளோடு இருந்துகொள்ளுங்கள்.

தாய் ஆடுகளில் பாதியை விற்று வாங்கிய வண்டி இது.

"என்னண்ணே, மரம் மாதிரி நிக்குற?" ஜினோ விடவில்லை. "ஃப்ரிட்ஜ் வேணாம்னே, சரி. அடுப்பு ஒத்தை பர்னர் போதும்னே, சரி. தண்ணி டேங்க்கு பெருசாக் கேட்டே. நெறைச்சா வயக்காட்டுல டயரு பொதையும்னு நான் பாதியாக் குறைச்சேன், அதுக்கும் சரின்னே. இந்தக் கட்டிலுக்கு மட்டும் வாயே தொறக்க மாட்டேங்குறியே."

"பேட்டரியைப் போடு."

"அப்ப அப்பாவுக்கு?"

"அவருக்கு எதுக்குக் கட்டிலு? மண்ணுல படுத்துப் பழகுன ஒடம்பு. அவரே வேணாம்னுட்டாரு."

"நீ கேட்டு வேணாம்னாரா, கேக்கறதுக்கு முன்னாலயே வேணாம்னாரா?"

"ஏப்பா, நீ வெல்டிங் பட்டறை வச்சிருக்கியா, வக்கீல் ஆபீஸ் வச்சிருக்கியா?"

ஜினோ சிரித்தான். ஆனால் சுவரில் சாத்தி வைத்திருந்த இரும்புச் சட்டத்தைக் காட்டினான். "மடக்குக் கட்டிலுக்குச் சட்டம் அடிச்சு வச்சுட்டேண்ணே. கீல் பூட்டி, பலகை போட்டா முடிஞ்சது. பகல்ல மடக்கிச் சுவத்தோட சாத்திக்கலாம். ராத்திரி நடைபாதையில விரிச்சுக்கலாம்."

"பிள்ளைக்கு ராத்திரி முழுக்கக் காத்தாடி ஓடணும். ரெண்டு நாளு மேகம் போட்டா ஒத்தை பேட்டரி தாங்குமா? நீயே சொல்லு."

"தாங்காது."

"அம்புட்டுத்தான். கையில இருக்குற காசு ஒண்ணுக்குத்தான் காணும்."

காரணம் சரியான காரணம்தான். சரியான காரணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது மனிதனுக்கு எவ்வளவு சுலபமாக இருக்கிறது! ஜினோ அதைப் பார்த்தான். பார்த்தவன் பேட்டரியைத் தூக்கி வைத்தான்.

கிளம்பும்போது அழகுபாண்டியை வண்டிக்கு அடியில் கூப்பிட்டுக் காட்டினான். குழாய் போகும் ஓட்டை, வயர் போகும் ஓட்டை, கதவுக்குக் கீழே உள்ள இடுக்கு, எல்லாவற்றிலும் தகடு வைத்து அடைத்துக் கம்பி வலை போட்டிருந்தான்.

"இதுக்கு எம்புட்டு ஜினோ?"

"இது கணக்குல வராதுண்ணே. எனக்கும் நாலு வயசுல பொண்ணு இருக்கு." சொல்லிவிட்டு, அழகுபாண்டியின் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைக்கத் துணி தேடினான்.

சாவியைத் திருகும் நேரத்தில் செல்போன் அடித்தது. வாடிப்பட்டிக்கு மேற்கே, வாய்க்காலுக்கு அப்பால் உள்ள வயலில் இருந்து சுருளி.

"வண்டி கிளம்பிருச்சாடா?"

"கிளம்பிருச்சு."

"குட்டிக் கூண்டுக்குக் காத்து வருமா? ஒரு ஆடு இன்னைக்கு ஈனும்போல இருக்கு."

"வரும்."

பிறகு, "அந்தப் பிள்ள வருதா?" என்று மருமகளைப் பற்றிக் கேட்டார்.

"தெரியாது," என்று சொல்லி அழகுபாண்டி போனை அணைத்தான்.

---

நாகமலை புதுக்கோட்டையில் அந்தச் சின்னத் தெருவுக்குள் வண்டி நுழைந்ததும் நாலு வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். சத்யப்ரியாவின் அம்மா கனகலட்சுமி, காலேஜ் பிள்ளைகள் தங்கும் ஒரு விடுதியில் சமையல் செய்பவள். காலைப் பந்தியை முடித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள்.

"வாங்க மாப்ள. வீடு பாத்திருக்கேன்னு சொன்னீங்க. வீட்டையே ஓட்டிட்டு வந்துட்டீங்களே!"

"ஏறிப் பாருங்க அத்தை."

"நான் ஏறுறது இருக்கட்டும். ஏற வேண்டியவ ஏறணுமே."

சத்யப்ரியா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள். பிள்ளையை அம்மாவிடம் கொடுத்தாள். வண்டியில் ஏறவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, செல்போன் விளக்கைப் போட்டு, தெருப் புழுதியில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தாள்.

"இது என்ன ஓட்டை?"

"பாத்திரம் கழுவுற தண்ணி வெளிய போற குழாய்."

"வெளிய போற வழியா உள்ள வரலாமே."

"வாயில வலை இருக்கு. அழுத்திப் பாரு."

அழுத்திப் பார்த்தாள். "இது?"

"சோலார் வயரு. அதுக்கும் தகடு வச்சிருக்கு. ஜினோ செஞ்சது. பல்லி கூட நுழையாது."

"ஏறுற படி? ராத்திரியெல்லாம் தரையைத் தொட்டுக்கிட்டே நிக்குமா?"

"மடக்கி மேல தூக்கிக்கலாம்."

"கல்யாணத்துக்கு மாப்ள பாத்தப்ப இதுல கால்வாசி பாத்தியா நீ?" என்றாள் கனகலட்சுமி. பக்கத்து வீட்டுக்காரிகள் சிரித்தார்கள். சத்யப்ரியா சிரிக்கவில்லை. வெளியே வந்து, புழுதியைத் தட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

கதவின் உள்விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை படாமல் பழைய மஞ்சள் தெரிந்தது. அதன் மேல் விரலை ஓட்டினாள்.

"பெயின்டு விட்டுப்போச்சு. நான் அடிச்சிர்றேன்," என்றான் அழகுபாண்டி.

"இந்த வருசம் சேத்திருப்போம்," என்றாள் அவள்.

ஸ்கூலில் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

உள்ளே எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். வலப்பக்கம் அகலமான ஒரு கட்டில், அவளுக்கும் பிள்ளைக்கும். இடப்பக்கம் ஒடுக்கமான ஒன்று, கணவனுக்கு. பின்பக்கம், வெளியிலிருந்து திறக்கிற மாதிரி குட்டிக் கூண்டு. பனியில் விறைத்தும் நாய் இழுத்தும் குட்டிகள் சாகாமல் இருந்தால்தான் இந்த வீட்டில் அடுப்பு எரியும். கட்டில்களைத் தாண்டி, மூன்றடிச் சதுரத்தில் ஒரு மரப் பெட்டி போல நின்றது கழிப்பறை.

அதற்குள் போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

நேரமாகியும் வரவில்லை. அழகுபாண்டி கதவின் பக்கம் போய், தட்டலாமா வேண்டாமா என்று நின்றான். கல்யாணம் ஆகி எட்டு வருடம் இந்தப் பெண் எப்போது இருட்டும், எப்போது விடியும் என்று உடம்பை அடக்கிக்கொண்டு கிடந்திருக்கிறாள். மாதவிலக்கு நாட்களில் வாய்க்கால் மதகுக்குப் பின்னால் ஒதுங்கியிருக்கிறாள். அதைப் பற்றி அவன் ஒருநாளும் யோசித்ததில்லை. அவள் கேட்ட பிறகுதான் யோசித்தான்.

வெளியே வந்தபோது அவள் கண்கள் சிவந்திருந்தன.

"தாழ்ப்பாள் நல்லா விழுது," என்றாள்.

"நீ கேட்டதுல அதுவும் ஒண்ணுதானே."

அவள் கட்டில்களை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு சொன்னாள்: "கிடைக்கு வாரேன். எடத்தைப் பாக்குறேன். ராத்திரி தங்குறதா இல்லையான்னு அங்க வந்து சொல்றேன். மனசு ஒப்பலேன்னா இன்னைக்கே கொண்டாந்து விட்டுறணும்."

"விட்டுர்றேன்."

பிள்ளையின் துணி மூட்டையை எடுத்துக் கொடுக்கும்போது கனகலட்சுமி மகளின் காதோரம் குனிந்தாள். "அந்த மனுசன் இன்னும் பேரன் முகத்தைப் பாக்கல, சத்யா. பேசணும்னு சொல்லல. ஒரு செம்பு தண்ணி கொடு, அது போதும்."

"அம்மா, சும்மா இரு."

கனகலட்சுமி வண்டி தெருமுனை திரும்பும் வரை கைகூப்பியபடி நின்றாள். மகள் நிறுத்திவிட்ட விளக்கை இந்த ஒரு வருடமாக அவள்தான், மகளின் பெயரைச் சொல்லி, ஏற்றிக்கொண்டிருக்கிறாள்.

---

வெயில் சாயும் நேரத்தில் வாடிப்பட்டி தாண்டி வாய்க்கால் பாலத்தில் இறங்கினார்கள். அறுத்த நெல்லின் தாள் வயல் முழுக்கக் குத்திட்டு நின்றது. புது வயல். அன்றைக்குத்தான் கிடை இறங்குகிறது. நடுவில் குச்சி ஊன்றி வலை கட்டித் தயாராக இருந்தது.

சுருளி தூரத்து வரப்பில் தொரட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். வண்டியைப் பார்த்தும் வரவில்லை.

வாய்க்கால் கரையில் ஒரு தாய் ஆடு அன்று ஈன்ற குட்டியை நக்கிக்கொண்டிருந்தது. குட்டி குடித்த மிச்சத்தைச் சுருளி ஒரு கிண்ணத்தில் பீச்சி வைத்திருந்தார். மஞ்சளாக, கெட்டியாக, சீம்பால். சத்யப்ரியா வண்டிக்குள்ளிருந்து வலை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுருளி அந்தக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு தூரமாக நடந்தார். குழி தோண்டி, அதில் ஊற்றி, மண்ணைத் தள்ளி மூடினார்.

"என்ன செய்றாரு?"

"போன வருசத்துல இருந்து அப்பிடித்தான்," என்றான் அழகுபாண்டி. "வாயில வைக்க மாட்டாரு. அடுத்தவங்களுக்கும் கொடுக்க மாட்டாரு."

அவள் இறங்குவதற்காகப் படியில் காலை வைத்தவள் அப்படியே நின்றாள்.

வண்டி நிற்கும் இடத்தைச் சுற்றித் தரையில் அங்கங்கே ஈர மண் அப்பியிருந்தது. எலி வளை, நண்டு வளை, வரப்பில் இருந்த வெடிப்பு. ஒவ்வொன்றிலும் கல்லைத் திணித்து, களிமண்ணைக் குழைத்துப் பூசி அடைத்திருந்தார்கள். ஒன்று இரண்டு இல்லை. வரப்பின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும். பூசிய மண்ணில் விரல் தடங்கள் பதிந்திருந்தன.

"இது யாரு செஞ்சது?"

அழகுபாண்டியும் அப்போதுதான் பார்த்தான். "நான் இல்ல."

"ஒங்ககிட்டச் சொன்னாரா?"

"இல்லையே. காலையில பேசும்போதுகூட ஒண்ணும் சொல்லலை."

யாருக்கும் தெரியாமல் செய்யப்படும் நல்லதைக் கடவுள் தன் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார் என்று பெரியவர்கள் சொல்வார்கள். சில சமயம் அவர் அதை வைத்துக்கொள்ளாமல், பார்க்க வேண்டியவர் கண்ணில் படும்படி விட்டுவிடுகிறார்.

ஆடுகள் மந்தையாக வந்து வலைக்குள் புகுந்தன. சுருளி குட்டிகளை இரண்டு கையிலும் தூக்கிவந்து, வண்டியின் பின்பக்கம் கூண்டில் விட்டார். தலையை நிமிர்த்தவே இல்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே பிள்ளை வீறிட்டு அழுதது. சுருளி கையில் குட்டியோடு அசையாமல் நின்றார். அழுகை ஓயும் வரை நின்றார்.

பிறகு மகனிடம் மெல்லச் சொன்னார். "பயலுக்குக் குரல் கணீர்னு இருக்குடா."

"ம்."

"காத்தாடிச் சத்தத்துக்குப் பயப்படுவானோ?"

"பயப்பட மாட்டான்."

"சரி, சரி." கூண்டைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. சத்யப்ரியா விளக்கைப் போட்டாள். காத்தாடி ஓடியது. கட்டிலில் பிள்ளை கையைக் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. பார்க்க நல்ல வீடுதான். அழகுபாண்டி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தங்குகிறேன் என்ற ஒரு சொல்லுக்காக அவன் ஒரு வருடம் காத்திருந்தான்.

அவள் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். சுருளி வலைக்குள் ஆடுகளுக்கு நடுவே ஒரு சாக்கை உதறி விரித்துக்கொண்டிருந்தார்.

புது வயலில் கிடை இறங்கும் முதல் இரவு, வீட்டுக்குப் பெரியவர் அந்த மண்ணில்தான் படுக்க வேண்டும் என்பது சுருளி வீட்டு வழக்கம். மண்ணிடம் உத்தரவு கேட்பது போல. போன வருடமும் அப்படி ஒரு முதல் இரவில்தான் படுத்திருந்தார். தனியாகப் படுக்க மாட்டேன் என்று பேத்தி வந்து ஒண்டிக்கொண்டது.

"மாமா எங்க படுப்பாரு?"

"அங்கதான். மொத ராத்திரில்ல?"

"நாளைக்கு?"

அழகுபாண்டி தலையைச் சொறிந்தான். "வண்டிக்கு அடியில. பனி படாமத்தான் இருக்கும்."

"வண்டிக்கு அடியில," என்று அவள் திரும்பச் சொன்னாள். "ஒரு கட்டில் குறையுதேன்னு மத்தியானமே பாத்தேன். நீங்க ஏதாச்சும் வழி வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். ஏன் போடலை?"

"எடம் எங்க இருக்கு? ஒனக்குக் கழிப்பறை, குட்டிக்குக் கூண்டு, தண்ணி டேங்க்கு..."

"எனக்குக் கதவு வச்சதால அவருக்கு எடம் இல்லைன்னு சொல்றீங்களா?"

"அப்பிடிச் சொல்லலை புள்ள. மடக்குக் கட்டில் போட்டிருக்கலாம். காசு பத்தலை. பேட்டரியா கட்டிலான்னு வந்துச்சு. பிள்ளைக்குக் காத்தாடி..."

"அவரு வேணாம்னாரா?"

"வேணாம்னுதான் சொல்லுவாரு."

"நீங்க கேட்டீங்களா?"

அவன் சுற்றும் காத்தாடியை அண்ணாந்து பார்த்தான்.

சத்யப்ரியாவின் குரல் தாழ்ந்தது. "நான் அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல மண்ணை வாரி அவரு மேல வீசுனேன். ஊரே பாத்துச்சு. என் கோவத்தை நான் வாயாலயும் கையாலயும் காட்டிட்டேன். நீங்க ஒரு வார்த்தை பேசலை. ரொம்ப நல்ல மகன்னு எல்லாரும் சொன்னாங்க. இப்ப ஒரு பலகையைக் குறைச்சுக் காட்டுறீங்களா?"

அழகுபாண்டி கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். காலையில் ஜினோ கேட்டபோது அவன் உள்ளே ஒளித்துவைத்த அந்த ஒன்றுக்கு இவள் பெயர் வைத்துவிட்டாள். கிழவன் மண்ணிலேயே கிடக்கட்டும். என் பிள்ளை கிடந்த மண்ணில் அவனும் கிடக்கட்டும். அப்படித்தான் அது இருந்தது. அதற்குள்ளே இன்னொன்றும் இருந்தது: சந்தையில் விலை படியட்டும் என்று ஒரு ராத்திரி தங்கிவிட்ட தன் மீதான கோபம்.

"நான் கீழ படுத்துக்கிறேன்," என்றான் கடைசியில்.

"யாரும் கீழ படுக்கப்படாது. நான் இதுல ஏறி வரணும்னா, இந்தக் குடும்பத்துல ஒரு உசிரும் இனிமே தரையில கிடக்கப்படாது. அது ஒங்களுக்கு ஒப்பலேன்னா வண்டியை எடுங்க. எங்க அம்மா வீட்டுல விட்டுட்டு வாங்க."

"இந்நேரத்துக்கு நான் பலகைக்கு எங்க போவேன்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். கழிப்பறைக் கதவைப் பார்த்தாள். எட்டு வருடம் காத்திருந்து கிடைத்த கதவு.

"ஸ்க்ரூ திருகுறது இருக்கா?"

"சத்யா, அது வேணாம்."

"இன்னைக்கு ஒரு ராத்திரிக்குத்தான். நாளைக்கு விடிஞ்சதும் ஜினோகிட்டப் போங்க. கட்டிலும் வேணும், கதவும் வேணும். ரெண்டும் வேணும்."

"காசு?"

"ஒரு பேட்டரியைத் திருப்பிக் கொடுங்க. மேகம் போடுற அன்னைக்கு நான் விசிறுறேன். கை இருக்குல்ல எனக்கு?"

கதவு கழன்று வந்தது. இரண்டு கட்டில்களின் விளிம்பும் தாங்கும்படி, நடைபாதையின் மேல் நீளவாக்கில் வைத்தார்கள். கச்சிதமாக உட்கார்ந்தது. கழிப்பறை வாசலில் அவள் ஒரு பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்டாள். பிறகு படியில் நின்று, வலையை நோக்கிக் கூப்பிட்டாள்.

"மாமா."

ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல். சுருளி காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. படுத்தவர் எழுந்து உட்கார்ந்து இருட்டைப் பார்த்தார்.

"மாமா, மேல வந்து படுங்க."

அவர் வந்தார். வண்டியிலிருந்து சற்றுத் தள்ளியே நின்றார். துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். கைவிரல் நகங்களில் களிமண் காய்ந்திருந்தது.

"இன்னைக்கு வேணாம் தாயி. மொத ராத்திரி. மண்ணுல படுக்கணும். நம்ம வீட்டு முறை."

"முறைக்காகத்தானா?"

அவர் அந்த மண்ணுக்குக் கடன்பட்டவர் போல நின்ற நிற்பிலேயே பதில் இருந்தது. இன்னொரு பாம்பு வரட்டும் என்று ஒரு வருடமாகக் காத்துக் கிடக்கிறார். பேரன் வரும் இடத்தில் வளைகளை அடைத்தவர், தான் படுக்கும் இடத்தில் ஒன்றையும் அடைக்கவில்லை.

முறையை மீறச் சொன்னால் அவர் ஏற மாட்டார். சத்யப்ரியா படியிறங்கி வலைக்குள் போனாள். ஆடுகள் விலகி வழிவிட்டன. அவர் விரித்திருந்த சாக்கைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"மம்பட்டியைக் கொண்டாங்க," என்றாள் கணவனிடம்.

அழகுபாண்டிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஓடினான். அவர் படுத்திருந்த இடத்து மண்ணையே வெட்டினான். அவள் செல்போன் வெளிச்சத்தில் தாள் கட்டையையும் கல்லையும் பொறுக்கி எறிந்தாள். கூடையில் அள்ளி, அவன் தலையில் தூக்கிவிட்டாள். தகப்பன் படுப்பதற்கான மண்ணைத் தலையில் சுமந்துகொண்டு அவன் படியேறினான். இரண்டாவது நடைக்கு வந்தபோது அவன் முகம் நனைந்திருந்தது. இருட்டில் யாரும் பார்க்கவில்லை.

பலகை மேல் மண்ணைப் பரப்பி, கையால் நிரவி, மேலே சாக்கை விரித்தாள்.

"மண்ணுதானே வேணும் உங்களுக்கு? இந்தா இருக்கு, இந்த வயக்காட்டு மண்ணு. இதுல படுங்க."

சுருளி பலகையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். படியில் ஒரு காலை வைத்தார். அழகுபாண்டி கையைக் கொடுத்தான். கிழவர் அதைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

படியை மடக்கித் தூக்கினார்கள். கதவைச் சாத்தினார்கள்.

சுருளி மல்லாந்து, கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு, மூச்சுவிடவே பயந்தவர் போலக் கிடந்தார். பக்கத்துக் கட்டிலில், ஒரு முழ தூரத்தில், பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கண்ணை மட்டும் திருப்பினார்.

"தாயி."

"சொல்லுங்க."

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போற வழியில... ஆட்டோவுல பிள்ளைக்குக் கண்ணு சொருகுறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுச்சு. அம்மாகிட்டச் சொல்லு தாத்தான்னு சொல்லுச்சு. ஒரு வருசமா நெஞ்சுல வச்சிருக்கேன். வந்து சொல்ல எனக்கு முகம் இல்லாமப் போச்சு."

அழகுபாண்டி விருட்டென்று எழுந்து உட்கார்ந்தான். "என்னப்பா சொல்லுச்சு? எங்கிட்ட ஏன் சொல்லலை?"

"ஓங்கிட்டச் சொல்லச் சொல்லலைடா. அவகிட்டச் சொல்லச் சொல்லுச்சு."

வெளியே ஆடுகள் ஒன்றோடொன்று உரசிப் படுக்கும் சத்தம் கேட்டது. சத்யப்ரியா பிள்ளையைத் தூக்கிக் கணவன் மடியில் கிடத்தினாள். இறங்க இடமில்லாததால் பலகையின் ஓரத்திலேயே, அந்த மண்ணின் மேல், காலை மடக்கி உட்கார்ந்தாள். மண் இன்னும் ஈரமாக இருந்தது.

"சொல்லுங்க மாமா," என்றாள்.